அழையா முகங்கள்: பிறர் ஒளிப்படத்தில் குறும்பாக நுழைதல் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பிறர் எடுக்கும் ஒளிப்படத்தினுள் அவர்கள் எதிர்பாராத வகையில் நுழைந்து முகம் காட்டும் குறும்பினை ஆங்கிலத்தில் ஃபோட்டோபாம்ப் என்பர். செல்பேசிப் படக்கருவியோடு பிறந்த புதுமை எனப் பொதுவாகக் கருதப்படும் இச்செயலின் வரையறை, வகைகள், வரலாற்றுப் பின்புலம், நகைச்சுவைக்கான அடிப்படை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நுழைபவரின் செயலால் மட்டும் இக்குறும்பு நிறைவு பெறுவதில்லை. படத்திற்குரியவர் பின்னர் அதனைக் கண்டு, நகைத்து, அழிக்காமல் வைத்துக்கொள்ளும்போதே அது நிறைவு பெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பின்னணியில் உள்ளோரை நீக்கும் கருவிகள் பரவலாகிவிட்ட இக்காலத்தில், ஒளிப்படத்தின் சான்றுத்தன்மையோடு இக்கருதுகோளுக்கு உள்ள தொடர்பும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், படநுழைவு, நகை, மெய்ப்பாடு, பின்னணி, சான்றுத்தன்மை.

முன்னுரை

ஒளிப்படம் எடுத்தல் என்பது ஓர் எல்லை வகுக்கும் செயல். படச்சட்டத்திற்குள் யார் நிற்க வேண்டும், யார் விலகி நிற்க வேண்டும், எந்தக் கணத்தில் புன்னகைக்க வேண்டும் என்பனவெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்படுகின்றன. அவ்வாறு ஏற்பாடு செய்யப்பட்ட சட்டத்திற்குள் அழைக்கப்படாத ஒருவர் புகுந்து, எடுப்பவரும் நிற்பவரும் கவனிக்கும் முன்னரே பதிவாகிவிடுவது உண்டு. பள்ளிக் குழுப்படத்தில் முன்னால் நிற்கும் மாணவன் தலைக்குப் பின் இரு விரல்களை நீட்டிக் கொம்பு வைப்பது முதல், உலகறிந்த நடிகர் ஒருவர் பிறருக்காக எடுக்கப்படும் படத்தின் பின்புறம் துள்ளிக் குதிப்பது வரை இதன் வடிவங்கள் பல.

இச்செயலை வெறும் விளையாட்டு எனத் தள்ளிவிட இயலாது. படம் யாருடையது, படத்தில் இருக்கும் உரிமை யாருக்கு உண்டு, படம் எதற்குச் சான்று என்னும் வினாக்களை இது எழுப்புகிறது. பழைய ஒளிப்படங்களை ஆய்வு மூலங்களாகக் கொள்வோர்க்கு இவ்வினாக்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

1. சொல்லும் வரையறையும்

ஃபோட்டோபாம்ப் என்னும் ஆங்கிலச் சொல் 2000-களின் பிற்பகுதியில் இணையவெளியில் பரவியது. காலின்ஸ் அகராதி இதனை 2014ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் செல்ஃபி என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தன. தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும் பழக்கத்திற்கான சொல்லும், அப்படத்தைக் குலைக்கும் குறும்பிற்கான சொல்லும் அடுத்தடுத்து ஏற்பு பெற்றமை கருதத்தக்கது. தன்னைக் காட்டும் விருப்பம் பெருகிய சூழலில்தான் அதனைக் கேலி செய்யும் விருப்பமும் பெயர் பெற்றுள்ளது.

இச்சொல்லைத் தமிழாக்குவதில் இரு இடர்கள் உள்ளன. ‘படக்குண்டு’ என நேராகப் பெயர்த்தால் வெடிபொருள் என்னும் பொருளே முந்தி நிற்கும். எதிர்பாராமையும் குறும்பும் புலப்படா. ‘படக்குறுக்கீடு’ என்றால் மறைத்தல், தடுத்தல் என்னும் பொருள் வந்துவிடும். ஆனால் இக்குறும்பில் நுழைபவர் பெரும்பாலும் எவரையும் மறைப்பதில்லை. பின்னணியில் கூடுதலாகத் தோன்றுகிறார். ஆகவே, இக்கட்டுரையில் ‘படநுழைவு’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

கருத்து தமிழுக்குப் புதியதன்று. அழையா விருந்தாளி என்னும் வழக்கும், சிவபூசையில் கரடி புகுந்தாற்போல என்னும் பழமொழியும் ஒழுங்குபட்ட ஒரு நிகழ்வில் பொருந்தாத ஒன்று புகுவதைக் குறிக்கின்றன. பழமொழியில் வரும் கரடி விலங்கன்று, ஓர் இசைக்கருவி என விளக்குவோரும் உளர். எவ்வாறாயினும், இன்றைய வழக்கில் அது பொருந்தா நுழைவையே சுட்டுகிறது.

படநுழைவு நிகழ மூன்று கூறுகள் தேவை. முதலாவது, ஒருவர் தம் விருப்பப்படி ஏற்பாடு செய்த படச்சட்டம். இரண்டாவது, அவ்வேற்பாட்டில் இடம்பெறாத ஒருவரின் நுழைவு. மூன்றாவது, நுழைவு நிகழும் கணத்திற்கும் அது கண்டறியப்படும் கணத்திற்கும் இடைப்பட்ட காலத்தாழ்வு. மூன்றாம் கூறு இல்லையேல் நுழைபவர் உடனே விலக்கப்படுவார், படம் மீண்டும் எடுக்கப்படும், குறும்பு நிகழாது.

2. வகைகள்

நுழைபவரின் நோக்கத்தை அடிப்படையாகக் கொண்டு படநுழைவினை மூவகையாகப் பகுக்கலாம்.

அ. கருதிய நுழைவு: நகைப்பூட்டும் நோக்கோடு திட்டமிட்டோ அக்கணத் தூண்டுதலாலோ நுழைதல். 2014 மார்ச் 2 அன்று நடைபெற்ற 86ஆவது ஆஸ்கர் விருது விழாவின் செங்கம்பளத்தில் யு2 இசைக்குழுவினர் படத்திற்கு நின்றபோது, நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் அவர்களுக்குப் பின்னால் துள்ளியெழுந்து பதிவானது இவ்வகைக்குப் பரவலாக அறியப்பட்ட சான்று.

ஆ. கருதா நுழைவு: வழிப்போக்கரோ விலங்கோ தற்செயலாகப் பதிவாதல். 2009இல் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் மின்னவாங்கா ஏரிக்கரையில் ஓர் இணையர் படக்கருவியைப் பாறைமீது வைத்துத் தம்மைத் தாமே படமெடுக்க முற்பட்டனர். அப்போது தரையணில் ஒன்று கருவியின் முன் வந்து நிமிர்ந்து நின்றது. கருவி அணிலின்மீது குவியம் கொண்டது. இணையர் பின்னணியில் மங்கலாயினர். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் வாசகர் படப்பகுதி வழியாக வெளிவந்த அப்படம் உலகெங்கும் பரவியது. யார் அழைக்கப்பட்டவர், யார் அழைக்கப்படாதவர் என்பதனைப் படக்கருவி அறியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இ. நோக்கம் துணியப்படா நுழைவு: கருதியதா, தற்செயலா எனப் படத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாதது. 2014 ஜூலையில் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டின்போது ஆஸ்திரேலிய வளைகோல் பந்தாட்ட வீராங்கனையர் இருவர் எடுத்த தற்படத்தின் பின்னணியில் இரண்டாம் எலிசபெத் அரசியார் புன்னகையோடு தோன்றினார். அரசியார் கருதியே புன்னகைத்தாரா என்பதற்குப் படத்தினுள் விடையில்லை. ஆயினும் பார்த்தவர்கள் அதனைக் குறும்பாகவே கொண்டு மகிழ்ந்தனர்.

இம்மூன்றாம் வகை ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஒளிப்படம் உருவத்தைப் பதிவு செய்யும். நோக்கத்தைப் பதிவு செய்யாது. நோக்கம் பார்ப்பவரால் ஏற்றிக் கூறப்படுவது. அணிலுக்கு நகைப்பூட்டும் எண்ணம் இல்லை. எனினும் அதன் நிலை குறும்பு செய்பவரின் நிலையை ஒத்திருப்பதால் நகை பிறக்கிறது. ஆகவே படநுழைவு என்பது நுழைபவரின் செயல் என்பதைவிடப் பார்ப்பவரின் வாசிப்பு எனக் கொள்வதே பொருந்தும்.

3. வரலாற்றுப் பின்புலம்

அழைக்கப்படாதவர் பதிவாதல் ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே நிகழ்ந்துள்ளது. 1838இல் லூயி டாகேர் பாரிஸ் நகரின் புல்வார் து தாம்ப்ல் என்னும் சாலையை உயரத்திலிருந்து படமெடுத்தார். சில நிமிடங்கள் ஒளிபட வேண்டியிருந்தமையால் சாலையில் ஓடிய வண்டிகளும் நடந்த மக்களும் பதிவாகவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தங்கியது. மனித உருவம் பதிவான முதல் ஒளிப்படம் எனப் பொதுவாக ஏற்கப்படும் இதில் உள்ளவர், படத்திற்காக வந்து நின்றவராகக் கருதப்படுவதில்லை. ஒளிப்படத்தில் புகுந்த முதல் மனிதரே அழையாதவர் எனலாம்.

நெடுநேர ஒளிப்பதிவு ஊர்களையும் ஆளற்றனவாகக் காட்டியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லினேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. கோயில்களும் அரண்மனைகளும் நுட்பமாகப் பதிவான அப்படங்கள் பலவற்றில் மக்கள் அருகியே காணப்படுகின்றனர். ஒளிபடும் நேரத்தின் நீளமும் கட்டடத்தை முதன்மைப்படுத்திய நோக்கமும் சேர்ந்து, மக்கள் நடமாடிய இடங்களை வெற்றிடங்களாக்கின. வானத்தில் மேகங்களை எதிர்ப்படத்தின்மீது கையால் வரைந்து சேர்க்கும் வழக்கமும் டிரைப்புக்கு இருந்தது. இருந்தது விடுபடுதலும் இல்லாதது சேர்தலும் அக்காலத்திலேயே ஒளிப்படத்தின் இயல்பாய் இருந்தன என்பதனை இது காட்டுகிறது.

இல்லாதவர் படத்தில் புகும் நிலை 1860களில் அமெரிக்காவில் வணிகமாயிற்று. பாஸ்டன் நகரில் வில்லியம் மம்லர் என்பவர், படத்திற்கு அமர்ந்தவரின் பின்னே இறந்தோர் ஆவி தோன்றும் படங்களை எடுத்து விற்றார். முன்னர்ப் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டினை மீண்டும் ஒளிபடச் செய்தால் பழைய உருவம் மங்கலாகத் தோன்றும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். 1869இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு தொடரப்பட்டுப் போதிய சான்றின்மையால் மம்லர் விடுவிக்கப்பட்டார். பின்னர், ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரியின் தோள்களில் மறைந்த கணவரின் உருவம் கைவைத்து நிற்பதாகக் காட்டும் படத்தையும் எடுத்தார். பின்னணியில் தோன்றும் எதிர்பாரா முகம் இங்கே நகைப்பை அன்று, ஆறுதலை விளைவித்தது. தமிழ்நாட்டுப் படநிலையங்களில் மறைந்த குடும்பத்தலைவரின் உருவத்தை வேறொரு படத்திலிருந்து எடுத்துக் குடும்பப் படத்தில் ஒட்டிச் சேர்த்த வழக்கமும் இத்தகைய ஏக்கத்தின் விளைவே. படநுழைவில் அழைக்கப்படாதவர் வந்துவிடுகிறார். இவ்வழக்கத்தில் அழைத்தும் வர இயலாதவர் வரவழைக்கப்படுகிறார்.

1888இல் கோடக் கையடக்கப் படக்கருவி விற்பனைக்கு வந்தது. நூறு படங்கள் எடுக்கத்தக்க சுருளோடு வந்த அக்கருவி, ஒளிப்படத்தைப் படநிலையத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. நொடிப்பொழுதில் எடுக்கப்படும் படங்கள் தனிவாழ்வில் ஊடுருவுவதைச் சுட்டிக்காட்டி, சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் ஆகிய இருவரும் 1890இல் தனியுரிமை பற்றிய புகழ்பெற்ற சட்டக்கட்டுரையை எழுதினர். அக்காலத்தில் ஊடுருவியது படக்கருவி. ஊடுருவப்பட்டவர் கருவியின் முன் நின்றவர். படநுழைவில் இவ்வுறவு தலைகீழாகிறது. கருவியின் முன் நிற்பவரே ஊடுருவுகிறார். படமெடுப்பவரும் படத்திற்குரியவரும் ஊடுருவப்படுகின்றனர்.

4. திட்டமிட்ட குறும்பு: மியூனிக், 2001

கருதிய நுழைவின் முழுமையான வடிவத்தை 2001 ஏப்ரல் 18 அன்று மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டரங்கில் காணலாம். பேயர்ன் மியூனிக் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதி ஆட்டத்திற்கு முன் மான்செஸ்டர் யுனைடெட் அணியினர் குழுப்படத்திற்கு நின்றனர். கார்ல் பவர் என்னும் ரசிகர் அணியின் சீருடையை அணிந்து வந்து வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டார். பதினொருவர் இருக்க வேண்டிய படத்தில் பன்னிருவர் பதிவாயினர். ஆட்டத்தில் அவ்வணி தோற்றது, அப்படமோ நிலைத்துவிட்டது.

இந்நிகழ்வில் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, நுழைந்தவர் முகம் கோணவோ கை அசைக்கவோ இல்லை. மற்ற பதினொருவரைப் போலவே நேராக நின்றார். ஒழுங்கினைக் குலைப்பதால் அன்று, ஒழுங்கிற்கு முழுமையாகக் கட்டுப்படுவதால் இங்கே நகை பிறக்கிறது. இரண்டாவது, குழுப்படத்தின் மரபே நுழைவுக்கு வழிவகுத்தது. வரிசையில் நிற்பவர்கள் கருவியை நோக்க வேண்டுமேயன்றி ஒருவரையொருவர் நோக்குதல் மரபன்று. படம் எடுப்போர் வரிசையின் ஒழுங்கைப் பார்ப்பர், எண்ணிப் பார்ப்பதில்லை. உரிய உடையில், உரிய இடத்தில், உரிய முகபாவத்தோடு நிற்பவர் உரியவராகவே கொள்ளப்படுகிறார்.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், மனிதர் பிறர்முன் தம்மை வெளிப்படுத்தும் முறையை நாடக மேடையோடு ஒப்பிட்டு முன்மேடை, பின்மேடை எனப் பகுத்தார். ஒளிப்படத்திற்கு நிற்றல் முன்மேடைச் செயல். பொதுவான படநுழைவில் பின்மேடை முன்மேடைக்குள் எட்டிப் பார்க்கிறது. மியூனிக் நிகழ்விலோ முன்மேடைக்குரிய நடிப்பினை வெளியாள் ஒருவர் குறையின்றி நடித்துக் காட்டினார். அதன்வழி, முன்மேடை என்பது உரிமையால் அன்று, நடிப்பாலேயே நிலைபெறுகிறது என்பதும் வெளிப்பட்டது.

5. நகைக்கான நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அந்நான்கினையும் படநுழைவில் பொருத்திப் பார்க்க இயலும்.

படத்திற்கு நிற்பவர் தமக்குப் பின்னால் நிகழ்வதை அறியார். அவ்வறியாமை பேதைமையின்பாற்படும். அசையாதீர்கள், இங்கே பாருங்கள் என்னும் சொல்லை ஏற்று, அதனை விடாது பற்றி, திரும்பிப் பாராமல் நிற்கிறார். கூறியதைக் கொண்டு விடாதிருக்கும் இந்நிலை மடன். சிறுவர்கள் நாக்கை நீட்டுவதும் கொம்பு வைப்பதும் இளமையின்பாற்படும். பெருமிதத்தோடு நிற்பவரின் பின்னே கேலி முகம் காட்டுவது எள்ளல்.

இவற்றுள் எள்ளல் பற்றிய உரை விளக்கம் இப்பொருளுக்கு மிகவும் துணைசெய்கிறது. உரையாசிரியர் பேராசிரியர், தான் பிறரை எள்ளியவழி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதல் என எள்ளலை இருவகையாகக் கொள்கிறார். பொதுவாகக் கேலியில் நகைப்பவர் ஒருவர், நகைக்கப்படுபவர் மற்றொருவர் என்றே எண்ணத் தோன்றும். எள்ளப்பட்டவரும் நகைத்தல் உண்டு என்னும் நுட்பத்தைப் பேராசிரியர் உணர்ந்திருக்கிறார். படநுழைவு வெற்றி பெறுவது இவ்விரண்டாம் நகையால்தான். நுழைபவர் அக்கணத்தில் தனியே நகைக்கிறார். படத்திற்குரியவர் பின்னர்ப் படத்தைக் கண்டு நகைக்கிறார். இரண்டாம் நகை நிகழாவிடில் முதல் நகை வெறும் இடையூறாகவே எஞ்சும்.

நகைச்சுவை பற்றிய அண்மைக்கால உளவியலும் இதனை ஒட்டியே செல்கிறது. பீட்டர் மக்ரா, கேலப் வாரன் ஆகியோர் 2010இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரு செயல் நெறிமீறலாகவும் அதே வேளையில் தீங்கற்றதாகவும் உணரப்படும்போது நகை பிறக்கிறது. மீறல் இல்லையேல் சுவையில்லை. தீங்கு தோன்றினால் நகையில்லை. படநுழைவில் மீறல் நுழைபவரால் உண்டாகிறது. அது தீங்கற்றது என முடிவு செய்பவர் படத்திற்குரியவர்.

6. காலத்தாழ்வும் பின்னேற்பும்

படச்சுருள் பயன்பட்ட காலத்தில் நுழைவுக்கும் கண்டறிதலுக்கும் இடையே பல நாள்கள் கழிந்தன. சுருள் முழுதும் எடுத்து முடிந்த பின்னரே கழுவக் கொடுப்பர். அச்சிட்ட படம் கைக்கு வரும்போது நிகழ்வு முடிந்து, கூடியோர் பிரிந்திருப்பர். கொம்பு வைத்த விரல்கள் யாருடையவை என ஆராய்வது குடும்பங்களில் ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. மீண்டும் எடுக்க இயலாமையால் அப்படம் விரும்பியோ விரும்பாமலோ தொகுப்பில் இடம்பெற்றது.

எண்மக் கருவி இக்காலத்தாழ்வினைச் சில நொடிகளாகச் சுருக்கியது. படம் உடனே திரையில் தோன்றுகிறது; பிடிக்கவில்லையெனில் அழித்துவிட்டு மீண்டும் எடுக்கலாம். அவ்வாறாயின் படநுழைவு அருகியிருக்க வேண்டும். மாறாக அது பெருகி, அகராதியில் ஏறும் அளவுக்குப் புகழ் பெற்றது. காரணம் தெளிவு. அழிக்க வாய்ப்பிருந்தும் படத்திற்குரியவர் அழிக்கவில்லை; அதனைத் தாமே பிறரோடு பகிர்ந்துகொண்டார். கிளாஸ்கோ வீராங்கனையரும் பான்ஃப் இணையரும் தம் படத்தைத் தாமே வெளியிட்டனர்.

இதனைப் பின்னேற்பு எனலாம். அழைப்பின்றி வந்தவருக்கு வந்த பின்னர் இலைபோடுவது போன்றது இது. விருந்தோம்புபவர் இலைபோட்ட கணத்தில் அழையா விருந்தாளி விருந்தினராகிறார். அதுபோல, படத்திற்குரியவர் படத்தை வைத்துக்கொண்ட கணத்தில் இடையூறு குறும்பாகிறது.

7. குறும்பின் எல்லை

பின்னேற்பினை அளவுகோலாகக் கொண்டால் குறும்புக்கும் அத்துமீறலுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கலாம். படத்திற்குரியவர் ஏற்க வாய்ப்பில்லாத சூழலில் நுழைவது குறும்பாகாது. இவ்வகையில் இரண்டு சூழல்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, மீண்டும் நிகழாத கணம். மங்கலநாண் பூட்டும் வேளையில் செல்பேசியோடு முன்னே பாயும் உறவினர்களின் கைகளும் தலைகளும் படக்கலைஞரின் பார்வையை மறைப்பது தமிழ்நாட்டுத் திருமணங்களில் இயல்பாகிவிட்டது. குறும்பு நோக்கம் இல்லாவிடினும் இழப்பு ஈடுசெய்ய இயலாதது. இரண்டாவது, துயரச் சூழல். இறப்பு, விபத்து, நினைவிடம் ஆகியவற்றில் எடுக்கப்படும் படத்தில் கேலி முகம் காட்டுவதை ஏற்பார் இலர்.

நுழைபவரின் சமூக நிலையும் ஏற்பினை முடிவு செய்கிறது என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அரசியாரோ நடிகரோ பின்னணியில் தோன்றினால் படத்தின் மதிப்பு உயர்கிறது. துப்புரவுப் பணியாளரோ சுமைதூக்குபவரோ தோன்றினால் படம் கெட்டதாகக் கருதப்பட்டு மீண்டும் எடுக்கப்படுகிறது. இருவரும் அழைக்கப்படாதவரே, ஏற்பு மட்டும் வேறுபடுகிறது. 2019 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது விழாவின் செங்கம்பளத்தில் குடிநீர்ப் புட்டிகள் நிறைந்த தட்டினை ஏந்தி நின்ற விளம்பர அழகி ஒருவர், நடிகர் பலரின் படங்களில் பின்னணியாகப் பதிவாகி ஒரே இரவில் புகழ்பெற்றார். அடையாளமற்ற பின்னணிப் பணியாளராகக் கருதப்படத்தக்கவர் பெயர் பெற்றமை மக்களைக் கவர்ந்தது. பின்னர் அவருடைய உருவத்தைப் பயன்படுத்துவது தொடர்பாக அவருக்கும் அக்குடிநீர் நிறுவனத்திற்கும் இடையே வழக்கு எழுந்தது. பின்னணி முகத்திற்கு விலை உண்டானவுடன் அது யாருடையது என்னும் வினாவும் உடன் எழுகிறது.

8. நீக்கும் கருவிகளும் சான்றுத்தன்மையும்

பின்னணியில் உள்ளோரை நீக்குவது புதிய செயலன்று. சோவியத் உள்துறைத் தலைவராக இருந்த நிக்கோலாய் யெஷோவ், மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நின்ற படம் ஒன்றுண்டு. 1940இல் யெஷோவுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பின் வெளியான படத்தில் அவர் நின்ற இடத்தில் நீரே காணப்படுகிறது. அன்று அதற்குத் தேர்ந்த கைவினைஞரும் அரசின் ஆணையும் தேவைப்பட்டன. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 செல்பேசியோடு மேஜிக் இரேசர் என்னும் வசதியை வெளியிட்டது. 2024இல் ஆப்பிள் நிறுவனமும் கிளீன் அப் என்னும் பெயரில் அத்தகைய வசதியை அளித்தது. இன்று விரல் தொடுகை போதும். பின்னணியில் நிற்பவர்களைக் கருவியே இனங்கண்டு, நீக்கத்தக்கவர் எனப் பரிந்துரைக்கவும் செய்கிறது.

அரசியல் நோக்கோடு ஒருவரை வரலாற்றிலிருந்து அழிப்பதும், சுற்றுலாப் படத்திலிருந்து வழிப்போக்கரை நீக்குவதும் ஒன்றல்ல. நோக்கத்தாலும் விளைவாலும் அவை வேறுபட்டவை. ஆயினும் இரண்டிலும் படம் இழப்பது ஒன்றே: எடுத்தவரின் விருப்பத்திற்கு அப்பாற்பட்டதைப் பதிவு செய்யும் ஆற்றல்.

இவ்வாற்றலை ஒளிப்படக் கோட்பாட்டாளர் பலரும் சுட்டியுள்ளனர். வால்ட்டர் பென்யமின் 1931இல் எழுதிய ஒளிப்பட வரலாற்றுக் கட்டுரையில், மனிதக் கண் நனவோடு காணாததைக் கருவி காண்பதை ஒளியியல் நனவிலி என்னும் கருத்தால் விளக்கினார். ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட நூலில், படத்தைப் பார்ப்பவரைத் தைக்கும் சிறுகூறு பெரும்பாலும் எடுத்தவர் கருதி வைத்ததன்று என்றார். ஓவியத்தில் ஓவியர் தீட்டாதது எதுவும் இடம்பெறாது. ஒளிப்படத்தில் எடுத்தவர் எண்ணாதவையும் இடம்பெறும். படநுழைவு இவ்வியல்பினைக் குறும்பாக மெய்ப்பிக்கிறது.

ஆய்வாளர்க்கு இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. பழைய திருமணப் படங்களிலும் விழாப் படங்களிலும் மையத்தில் நிற்போர் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினர் என்பதே தெரியவரும். ஓரத்திலும் பின்னணியிலும் பதிவான பணியாளர், வேடிக்கை பார்க்கும் சிறுவர், கதவருகே பாதி மறைந்த பெண், கடைப் பலகை, சுவரொட்டி ஆகியவையே அக்கால வாழ்வினைக் காட்டுவன. தமக்கெனப் படமெடுத்துக்கொள்ளும் வசதியற்றோர் பலர் பிறர் படங்களின் பின்னணியில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். இன்றைய படங்களை நாளை ஆராய்வோர்க்கு அப்பின்னணி கிடைக்காமற் போகலாம். நீக்கப்பட்ட இடத்தில் கருவி பொருத்தமான மணலையோ சுவரையோ நீரையோ இட்டு நிரப்பிவிடுவதால், ஒருவர் நீக்கப்பட்டார் என்பதற்கான தடயமும் படத்தில் புலப்படுவது அரிது.

பின்னேற்பு என்னும் கருத்தோடும் இது முரண்படுகிறது. முன்னர்ப் படத்திற்குரியவர் நுழைந்தவரைக் கண்டு, நகைத்து அல்லது சினந்து, வைத்துக்கொள்வதா நீக்குவதா என முடிவு செய்தார். கருவியே நீக்கத்தக்கவரைச் சுட்டிக்காட்டும்போது, காணும் முன்னரே முடிவு முன்வைக்கப்படுகிறது. அழையா விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கதவு அடைக்கப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படுவன வருமாறு:

• படநுழைவு என்னும் சொல்வழக்கு புதியது. அழைக்கப்படாதவர் பதிவாதல் ஒளிப்படத்தின் தொடக்கம் முதலே உள்ளது.

• ஒளிப்படம் நுழைபவரின் நோக்கத்தைக் காட்டாது. ஆதலின் குறும்பு என்பது பார்ப்பவரின் வாசிப்பில் அமைகிறது.

• எள்ளப்பட்டவரும் நகைத்தல் என்னும் பேராசிரியர் விளக்கம் படநுழைவின் நகைக்குப் பொருந்துகிறது. படத்திற்குரியவரின் பின்னேற்பே இடையூற்றினைக் குறும்பாக்குகிறது.

• பின்னேற்பு நுழைபவரின் சமூக நிலையைப் பொறுத்து வேறுபடுகிறது. யாருடைய நுழைவு சுவையாகவும் யாருடைய நுழைவு குறையாகவும் கொள்ளப்படுகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

• பின்னணியை நீக்கும் கருவிகள், ஒளிப்படத்தின் விருப்பம் கடந்த பதிவாற்றலைக் குறைக்கின்றன. குடும்ப ஒளிப்படங்களையும் நிறுவனத் தொகுப்புகளையும் எண்மமாக்குவோர், திருத்தப்படாத மூலப்படிகளையும் உடன் பேணுதல் இன்றியமையாதது.

மியூனிக் படத்தில் நிற்கும் பன்னிரண்டாம் மனிதரை இன்றைய கருவி கொண்டு சில நொடிகளில் நீக்கிவிடலாம். எஞ்சும் பதினொருவர் படம் ஒழுங்காக இருக்கும். ஆனால் அன்று அக்களத்தில் நின்றவர் எத்தனை பேர் என்னும் வினாவுக்கு அப்படம் தவறான விடையையே தரும்.